தேதி தள்ளும், வட்டி தள்ளாது

2025 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. இரவு பத்து மணி தாண்டியும் போன் ஓயவில்லை. சங்ககிரியிலிருந்து ஒருவர், குமாரபாளையத்திலிருந்து ஒருவர், நாக்பூர் பைபாஸில் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒருவர். கேட்டது ஒரே கேள்வி: “ஏனுங்க, டேட்டு தள்ளிட்டாங்களாமா, நெசமுங்களா?”

முதல் நாள்தான் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் சுற்றியிருந்தது. 15-ஆம் தேதியோடு முடியவிருந்த வருமான வரி ரிட்டர்ன் கெடு செப்டம்பர் 30 வரை நீண்டுவிட்டதாம். அது பொய்ச் செய்தி என்று வருமான வரித் துறையே தன் எக்ஸ் பக்கத்தில் மறுத்தது. மறுப்பு சுற்றிய வேகத்தைவிடப் பொய் சுற்றிய வேகம் அதிகம். கடைசியில் 15-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி உண்மையான அறிவிப்பு வந்தது: ஒரே ஒரு நாள், 16-ஆம் தேதி வரை. அந்த ஒரு நாளிலும் இரவு 12 முதல் 2.30 மணி வரை பராமரிப்புக்காக இணையதளம் மூடியிருக்கும் என்று கூடவே ஒரு குறிப்பு. 30-ஆம் தேதியை நம்பிப் படுத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த 16-ஆம் தேதி கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கெடு நீட்டிப்பு என்றால் என்ன, அது யாருக்கு, அதில் எது நீள்கிறது, எது நீள்வதில்லை என்பதுதான் இந்த அத்தியாயம். சேலம், நாமக்கல் பக்கத்துத் தொழில்களை வைத்தே சொல்கிறேன். கணக்கும் தேதியும் லாரிக்கு ஒரு மாதிரி, கோழிப்பண்ணைக்கு ஒரு மாதிரி, தறிக்கு ஒரு மாதிரி வரும்.

மார்ச் 31 என்ற பழைய நினைப்பு

நம் பக்கத்துப் பெரியவர்களிடம் ரிட்டர்ன் பற்றிப் பேச்செடுத்தால் “மார்ச்சுல பாத்துக்கலாம்” என்பார்கள். இது வெறும் சோம்பல் இல்லை. ஒரு காலத்தில் சட்டமே அப்படித்தான் இருந்தது. 2016-17 மதிப்பீட்டு ஆண்டு வரை, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து மேலும் ஓராண்டு வரைகூடத் தாமத ரிட்டர்ன் போடலாம். லாரிக்கு பைனான்ஸ் கேட்டால் அவர்கள் மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தாமதக் கட்டணம் என்று தனியாக ஒன்றும் அப்போது இல்லை.

2017-18 மதிப்பீட்டு ஆண்டில் அந்தக் கூடுதல் ஓராண்டு போனது. அடுத்த ஆண்டு 234எஃப் பிரிவில் தாமதக் கட்டணம் வந்தது. 2021-22 மதிப்பீட்டு ஆண்டில் மார்ச் 31 என்பது டிசம்பர் 31 ஆகச் சுருங்கியது. ஐந்தே ஆண்டுகளில் ஒன்றே கால் வருட அவகாசம் காணாமல் போனது. பழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றும் ஜனவரியில் ஆர்.சி. புத்தகங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 31 தாண்டிவிட்டால் சாதாரண வழி அடைபட்டுப் போகிறது என்று அவர்களிடம் சொல்வது சங்கடமான வேலை.

எந்தத் தேதி யாருக்கு

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 139(1) பிரிவில் இருந்துவந்த கணக்கு இது. தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு ஜூலை 31. கணக்கைப் பட்டயக் கணக்காளர் தணிக்கை செய்தே ஆகவேண்டியவர்களுக்கு அக்டோபர் 31. அவர்களுடைய தணிக்கை அறிக்கை அதற்கு ஒரு மாதம் முன்பே, செப்டம்பர் 30-க்குள், ஏறியிருக்க வேண்டும். 2026 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் இதில் ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்டது: சம்பளக்காரர் போன்றவர்கள் போடும் ஐ.டி.ஆர். 1, 2 படிவங்களுக்கு ஜூலை 31 அப்படியே இருக்கும். தணிக்கை இல்லாத தொழில்காரர்களுக்கு ஆகஸ்ட் 31. சொந்தமாகச் சில லாரிகளோ, பத்துத் தறியோ வைத்திருப்பவர் இந்த இரண்டாவது வகை.

இந்த ஒரு மாதம் நம் பக்கத்துக்கு உண்மையிலேயே உபகாரம். ஜூலை 31 ஆடி மாதத்தின் நடுவில் விழும். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நெருங்கும். ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர், பவானி கூடுதுறை, மோகனூர் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். அந்த வாரத்தில் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் யார் தருவார்கள்?

புதிய வருமான வரிச் சட்டம், 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டைப் பேச்சு இல்லை; ‘வரி ஆண்டு’ ஒன்றுதான். நல்ல காரியம். வரி கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்துப் பணம் வேறு வருடக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்ட கதைகள் எங்கள் மேசையில் ஏராளம். ஆனால் 2026 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டின் வருமானத்துக்கு இன்னும் பழைய சட்டமும் பழைய பெயர்களும்தான்.

லாரிக்காரர் கணக்கு

ஆண்டின் எந்த நாளிலும் பத்து சரக்கு வாகனத்துக்கு மேல் சொந்தமாக இல்லாதவருக்கு 44ஏஇ பிரிவு ஒரு சுலப வழி தருகிறது. டீசல், டோல், டயர், டிரைவர் படி என்று எதற்கும் கணக்குக் காட்ட வேண்டாம். மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேல் உள்ள வண்டி என்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. அதற்குக் குறைந்த வண்டி என்றால் மாதம் 7,500. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 28,500 கிலோ என்று போட்டிருந்தால் மாதம் 28,500 ரூபாய், வருடத்துக்கு 3,42,000.

இதில் மூன்று விஷயங்களில் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, வண்டி ஓடியதா நின்றதா என்பது கணக்கில்லை. உங்கள் பெயரில் இருந்ததா என்பதே கணக்கு. எஃப்.சி. வேலைக்காகப் பட்டறையில் இரண்டு மாதம் நின்றாலும் அந்த இரண்டு மாதமும் சேரும். அக்டோபர் 20-இல் வாங்கிய வண்டிக்கு அக்டோபர் முழு மாதமாகவே எண்ணப்படும். தவணையில் ஓடும் வண்டிக்கும் நீங்கள்தான் உரிமையாளர், பைனான்ஸ் கம்பெனி இல்லை.

இரண்டாவது, வரி இல்லை என்றால் ரிட்டர்னும் வேண்டாம் என்ற எண்ணம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 12 லட்சம் வரை வரி வராது என்று டி.வி.யில் கேட்டவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். வரி இல்லாத வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் 12 லட்சம் வரை வருவது தள்ளுபடி. தள்ளுபடி பெறுகிறவரும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். மேலே சொன்ன மாதிரி மூன்று வண்டி வைத்திருப்பவருக்கு வருமானம் 10,26,000. வரி பூஜ்யம். கெடுவைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் 5,000. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அது 1,000. ஒரு பைசா வரி இல்லாதவர் 5,000 ரூபாய் கட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். ஒரு டயருக்குக்கூட ஆகாத பணம்தான், இருந்தாலும் வீண் பணம்.

மூன்றாவது புது வண்டி. 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள எந்த மோட்டார் வாகனம் வாங்கினாலும் விற்பவர் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடித்து உங்கள் பேன் கணக்கில் கட்டுகிறார். சொகுசுக் கார்களுக்கு மட்டும் என்று நினைப்பார்கள்; லாரிக்கும் உண்டு. 35 லட்சத்துக்கு வண்டி எடுத்தால் 35,000. இதில் இரண்டு விளைவு. ஓர் ஆண்டில் உங்கள் பெயரில் பிடித்தம் 25,000 ரூபாயை எட்டினாலே வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். 60 வயதானவர்களுக்கு இந்த அளவு 50,000. அடுத்தது, வரி இல்லாதவருக்கு அந்த 35,000 முழுவதும் திரும்பி வரவேண்டிய பணம். ரிட்டர்ன் போடாமல் அது வராது. முதல் வண்டி எடுத்த டிரைவர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வண்டி எண்ணிக்கை பத்தைத் தாண்டாமல் இருக்க வீட்டுக்காரம்மா பெயரில் இரண்டு, மூன்று எழுதுவது நாமக்கல் பக்கம் சகஜம். பணம் உங்களுடையது என்றால் அந்த வருமானமும் உங்கள் கணக்கில்தான் சேரும் என்று 64-ஆவது பிரிவு சொல்கிறது. இதைப் பற்றி வேறோர் அத்தியாயத்தில்.

நீட்டிப்பில் நீளாதது

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். “எம் பையன் அங்க ஏதோ ஃபாரம் குடுத்து ஆறு மாசம் டைம் வாங்கிட்டானுங்க. எனக்கும் வாங்கிக் குடுங்க.” உண்மைதான். அங்கே ஏப்ரல் 15-க்குள் 4868 என்ற படிவத்தைக் கொடுத்தால் யாருக்கும் அக்டோபர் 15 வரை அவகாசம் கிடைக்கும். இந்தியாவில் அப்படித் தனி ஆளாகக் கேட்டு வாங்கும் நீட்டிப்பு இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லை, உங்கள் ஆடிட்டருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் கெடுவை நகர்த்தாது. நகர்த்தும் அதிகாரம் 119-ஆவது பிரிவின் கீழ் மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு மட்டுமே உண்டு. நகர்த்தினால் ஒரு வகையினர் அனைவருக்கும் சேர்த்தே நகர்த்தும்.

அந்தப் பையன் தன் அப்பாவிடம் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அங்கே அந்தப் படிவம் தாள் கொடுக்கத்தான் அவகாசம் தருகிறது. பணத்தை ஏப்ரல் 15-க்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும். இந்த விஷயத்தில் நம் ஊர்ச் சட்டமும் அதே சுபாவம்தான்.

எப்படி என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். மேலே சொன்ன அளவு வண்டி நான்கு வைத்திருக்கும் ஒருவர். 2024-25 நிதியாண்டில் வருமானம் 13,68,000. புதிய வரிமுறையில் அந்த ஆண்டு விகிதப்படி வரியும் செஸ்ஸும் சேர்ந்து 1,18,144. பத்து வண்டிக்குள் என்பதால் பேன் எண்ணும் உறுதிமொழியும் கொடுத்திருக்கிறார். புக்கிங் ஆபீஸில் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்கவில்லை. அட்வான்ஸ் டேக்ஸும் கட்டவில்லை.

பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால் அதை ஆண்டுக்குள்ளேயே கட்டச் சொல்கிறது சட்டம். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். கடைக்காரர்களும் சிறு தொழில்காரர்களும் 44ஏடி பிரிவில் காட்டினால் மார்ச் 15-இல் ஒரே தவணையாகக் கட்டிக்கொள்ளலாம். லாரிக்கான 44ஏஇ பிரிவுக்கு அந்தச் சலுகை இல்லை, நான்கு தவணைதான். அனுபவமுள்ள கணக்குப் பிள்ளைகள்கூட இதில் சறுக்குவார்கள்.

நம் நான்கு வண்டிக்காரருக்கு அந்தத் தவணைகளைத் தவறவிட்டதற்காக 234சி பிரிவில் ஏறத்தாழ 5,960 ரூபாய். அது முடிந்த கதை. அதற்கு மேல் 2025 ஏப்ரல் 1 முதல் 234பி பிரிவில் மாதம் 1 சதவீதம் ஓடத் தொடங்குகிறது. மாதத்தில் ஒரு நாள் தொட்டாலும் முழு மாதம். ஜூலைக்குள் கட்டியிருந்தால் நான்கு மாத வட்டி, 4,724. அரசுதான் 2025 மே 27-ஆம் தேதியே கெடுவைச் செப்டம்பர் 15-க்குத் தள்ளிவிட்டதே என்று செப்டம்பர் 16 வரை உட்கார்ந்திருந்தால் ஆறு மாத வட்டி, 7,086. சட்டப்படி அவர் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. தாமதக் கட்டணம் இல்லை. ரிட்டர்ன் தாமதத்துக்கான 234ஏ வட்டியும் இல்லை, கெடுவே நகர்ந்துவிட்டதால். ஆனால் அந்த நீட்டிப்பு அவருக்கு 2,362 ரூபாய் செலவு வைத்தது. 16-ஆம் தேதியும் தாண்டியிருந்தால் 234ஏ, 234பி இரண்டும் சேர்ந்து மாதம் 2 சதவீதம்.

ஆகவே முதலில் வரியைக் கட்டுங்கள். ரிட்டர்ன் பின்னால் வரட்டும். இணையதளத்தில் ‘இ-பே டேக்ஸ்’ பகுதியில் ரிட்டர்ன் போடாமலே சுயமதிப்பீட்டு வரி கட்டலாம். யு.பி.ஐ., நெட் பேங்கிங், இல்லையென்றால் சலான் எடுத்து பேங்க் கவுன்டர். கணக்கு முழுதாக முடியாவிட்டாலும் ஆர்.சி. புத்தகத்தையும் கால்குலேட்டரையும் வைத்து லாரிக்காரர் பத்து நிமிடத்தில் தன் வரியைக் கண்டுபிடித்துவிடலாம்.

விதிவிலக்கு ஒன்று. தொழில் வருமானம் இல்லாத, 60 வயதான ஓய்வூதியக்காரர்கள் அட்வான்ஸ் டேக்ஸ் கட்ட வேண்டியதில்லை. 234பி வட்டியும் அவர்களுக்கு இல்லை. நீட்டிப்பு முழுமையாகப் பயன்படுவது இவர்களுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், ஜூன் மாதமே வந்து வரிசையில் நின்று போட்டுவிட்டுப் போகிறவர்களும் இவர்கள்தான்.

சுற்றறிக்கையை வாசிப்பது

‘டேட்டு தள்ளியாச்சு’ என்ற ஒரு வரிச் செய்தியை நம்பாதீர்கள். வாரியத்தின் சுற்றறிக்கையில் எண்ணும் தேதியும் இருக்கும். 119-ஆவது பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கும். எந்த மதிப்பீட்டு ஆண்டு, எந்த வகையினர் என்றும் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக எந்தத் தேதி தள்ளப்படுகிறது என்று பாருங்கள். 2025-இல் நடந்ததே பாடம். தணிக்கைக்கு அவகாசம் போதவில்லை என்று கணக்காளர் சங்கங்கள் நீதிமன்றம் போயின. ராஜஸ்தான், கர்நாடக உயர் நீதிமன்றங்களின் இடைக்கால உத்தரவுகளை அடுத்து செப்டம்பர் 25-ஆம் தேதி தணிக்கை அறிக்கைக்கான கெடு மட்டும் அக்டோபர் 31-க்குத் தள்ளப்பட்டது. ரிட்டர்னுக்கான அக்டோபர் 31 அப்படியே நின்றது. அறிக்கையும் ரிட்டர்னும் ஒரே நாளில் முடிகிற விசித்திரம் ஒரு மாதம் நீடித்தது. அக்டோபர் 29-ஆம் தேதிதான் அறிக்கைக்கு நவம்பர் 10, ரிட்டர்னுக்கு டிசம்பர் 10 என்று தெளிவானது. நடுவில் ரிட்டர்னும் தள்ளியாகிவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்தவர்கள் தப்பித்தது அதிர்ஷ்டம்.

2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31-உம் ஒரே நாளில் வந்தன. தணிக்கை ரிட்டர்னுக்கு நவம்பர் 15 வரை நீட்டித்தார்கள். அதே ஆண்டு ஜூலை 31-ஐ ஒரு நாள்கூட நீட்டிக்கவில்லை, 7.28 கோடிப் பேர் அதற்குள் போட்டுவிட்டார்கள். 2022, 2023 ஆண்டுகளிலும் ஜூலை 31 நகரவில்லை. கொரோனா ஆண்டில் அதே கெடு நவம்பர் 30, டிசம்பர் 31, பிறகு 2021 ஜனவரி 10 என்று நழுவிக்கொண்டே போனது. ஆனால் அந்த 2020 நீட்டிப்பில்கூட, கட்ட வேண்டிய சுயமதிப்பீட்டு வரி ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் வட்டிச் சலுகை கிடையாது என்று ஒரு வரி எழுதியிருந்தது. அந்த வரியை வாசிக்காமல் விட்டவர்கள் பின்னால் நோட்டீஸில் வாசித்தார்கள்.

முட்டையும் நஷ்டமும்

கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இரண்டு விஷயம். பண்ணை என்று பெயர் இருப்பதால் அது விவசாய வருமானம், வரி இல்லை என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். மரவள்ளி, மஞ்சள் விளைவித்து விற்பது விவசாயம். கோழி வளர்த்து முட்டை விற்பது தொழில். மரவள்ளியை வாங்கி ஆலையில் ஜவ்வரிசி ஆக்குவதும் தொழில்தான்.

அடுத்ததுதான் பெரிது. முட்டை விலை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) அறிவிப்பில் சரிந்துகொண்டே போய், தீவன விலை ஏறிக்கொண்டே போகும் ஆண்டில் நஷ்டம் வரும். அந்தத் தொழில் நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நஷ்டம் வந்த ஆண்டின் ரிட்டர்ன் கெடுவுக்குள் போயிருந்தால் மட்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த உரிமை போய்விடும். தேய்மானத்தில் மிஞ்சியது மட்டும் தப்பும். ‘நஷ்டம்தானே, வரி இல்லையே, மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம்’ என்பது பண்ணைத் தொழிலில் நான் பார்த்த மிக விலையுயர்ந்த வாக்கியம். 18 லட்சம் நஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல், இரண்டு ஆண்டு கழித்து வந்த நல்ல விலைக்கு முழு வரி கட்டியவர் ஒருவர் உண்டு. அவர் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. நஷ்ட ஆண்டில்தான் கெடு உயிர்.

பெரும்பாலான பண்ணைகளின் விற்றுமுதல் தணிக்கை வரம்பான ஒரு கோடியைத் தாண்டும். ரொக்கப் புழக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 10 கோடி. வியாபாரிகளிடம் ரொக்கமாக வாங்கும் பழக்கம் இருக்கும்வரை அந்தச் சலுகை எட்டாது, தணிக்கை கட்டாயமாகும். அதைத் தவறவிட்டால் பழைய சட்டப்படி விற்றுமுதலில் அரை சதவீதம் அல்லது 1,50,000, இதில் எது குறைவோ அது அபராதமாக வரலாம்.

கெடு போனால் போகும் இன்னொன்று பழைய வரிமுறை. வீட்டுக் கடன் வட்டி, எல்.ஐ.சி., பி.எஃப். என்று கழிவுகளை நம்பிப் பழைய முறையில் போட நினைக்கும் சம்பளக்காரர் கெடுவுக்குள் போட்டாக வேண்டும். தாமத ரிட்டர்ன் தானாகவே புதிய முறைக்குப் போய்விடும். தொழில் வருமானம் உள்ளவர் என்றால் 10-ஐஇஏ படிவத்தையும் அதே கெடுவுக்குள் கொடுத்திருக்க வேண்டும்.

தவறவிட்டவர்களுக்கு

டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் உண்டு. அதையும் விட்டால் ‘ஐ.டி.ஆர்.-யு’ என்ற புதுப்பித்த ரிட்டர்ன். 2025 ஏப்ரல் முதல் இதற்கு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அவகாசம். விலை அதிகம்: கட்டவேண்டிய வரிக்கும் வட்டிக்கும் மேல் முதல் ஆண்டில் 25 சதவீதம் கூடுதல், பிறகு 50, 60, 70 என்று ஏறும். இதில் புதிதாக நஷ்டம் காட்ட முடியாது, பணம் திரும்பக் கேட்கவும் முடியாது. அரசுக்குப் பணம் கொடுப்பதற்கான கதவு இது, வாங்குவதற்கானது இல்லை.

திரும்ப வாங்கவோ, நஷ்டத்தைக் காப்பாற்றவோ வேறொரு கதவு இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு கொடுக்கலாம். 2024 அக்டோபர் 1-ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் மனு போயிருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையரே முடிவு செய்யலாம். ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தாமதத்துக்கு உண்மையான காரணம் வேண்டும், தாளில் வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, இறப்புச் சான்று, கணக்குப் புத்தகங்கள் போலீஸ் வழக்கில் இருந்ததற்கான ஆவணம், இப்படி. “வேலை ஜாஸ்தியா இருந்துச்சுங்க” என்பது காரணம் ஆகாது. கணவர் விபத்தில் இறந்த ஆண்டில் ரிட்டர்ன் போகாமல், புது வண்டிக்குக் கட்டிய டி.சி.எஸ். பணம் நின்றுபோன குடும்பங்கள் நம் லாரி ஊர்களில் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தப் பிரிவைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

உங்களுக்கென்று ஒரு கெடு

அரசு தேதியை மறந்துவிட்டு ஜூன் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. பிடித்தம் செய்தவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையிலான கணக்கைக் கொடுக்க மே 31 வரை அவகாசம்; ஃபாரம் 16 ஜூன் 15-க்குள் வரும். அதற்கு முன் போட்டால் வரித் துறையின் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். பட்டியல்கள் இரண்டிலும் உங்கள் பணம் முழுதாகத் தெரியாது. அவசரப்பட்டு மே மாதம் போட்டுத் திருத்திய ரிட்டர்ன் போடுகிறவர்கள் உண்டு. ஜூலை பிறந்துவிட்டால் சேலம் அஸ்தம்பட்டியிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் உட்கார நாற்காலி கிடைக்காது. ஜூன் பின்பாதிதான் கணக்கும் கனிந்து, ஆளும் ஓய்வாக இருக்கும் இடைவெளி.

லாரிக்காரர் கொண்டுபோக வேண்டியது ஒவ்வொரு வண்டியின் ஆர்.சி. நகல், வாங்கிய அல்லது விற்ற தேதி, எல்லா பேங்க் கணக்குகளின் ஸ்டேட்மென்ட். தறிக்காரர் கரண்ட் பில்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கட்டணம் போயிருந்தால், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். நகைக்கடன் வட்டி, பையன் கல்யாணச் செலவு இதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கணக்கில் போட்ட பெரிய ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

கடைசியாக, நான் பட்டது. ஒரு வருடம் மற்றவர்கள் ரிட்டர்னை எல்லாம் முடித்துவிட்டு ஜூலை 29 இரவு என்னுடையதைப் போட்டேன். ஏறியதும் லேப்டாப்பை மூடிவிட்டேன். இ-வெரிஃபை செய்யவில்லை. செப்டம்பரில் வேறு எதற்கோ உள்ளே போனபோதுதான் அது சரிபார்ப்புக்காகக் காத்து நிற்பது தெரிந்தது. ரிட்டர்ன் ஏற்றிய 30 நாளுக்குள் சரிபார்த்தால் ஏற்றிய தேதியே ரிட்டர்ன் தேதி. 30 நாள் தாண்டினால் சரிபார்த்த நாள்தான் ரிட்டர்ன் தேதி. ஜூலை 29-இல் போட்ட நான் சட்டத்தின் கண்ணில் செப்டம்பரில் போட்டவன் ஆனேன். ஊருக்கெல்லாம் சொல்கிற நானே 5,000 ரூபாய் கட்டினேன்.

சரிபார்ப்புக்கு ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண் பழைய சிம்மாக இருந்து பூட்டிய பீரோவில் கிடந்தாலோ, போன் டிரைவரோடு ராய்ப்பூரில் இருந்தாலோ வேலை நிற்கும். நெட் பேங்கிங் வழியாகவும் சரிபார்க்கலாம். எதுவும் முடியாவிட்டால் ஐ.டி.ஆர்.-வி தாளில் கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்ட்டில் பெங்களூரு மையத்துக்கு அனுப்பலாம், 30 நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் எழுந்து நிற்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “வெரிஃபை ஆயிடுச்சுங்களா?” ஆகிவிட்டது என்றால் ஒப்புகை எண்ணோடு வந்த தாளை வாங்கி, வண்டி இன்ஷூரன்ஸ் வைக்கிற அதே கவரில் வையுங்கள். அடுத்த தடவை பைனான்ஸ்காரர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.